மாட்டுப் பண்ணையிலிருந்து சட்டமன்றத்துக்கு: பகுதிநேர சட்டமன்றம் என்றால் என்ன?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் 600 டாலர். 1975இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வைத்த தொகை அது. அதற்குப் பிறகு விலைவாசி எங்கோ போய்விட்டது, சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சபை நடக்கும் நாட்களில் தங்கவும் சாப்பிடவும் தனியாகத் தினப்படி உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தாலும், இந்த வருமானத்தை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது.

அப்படியானால் அவர் எப்படிப் பிழைக்கிறார்? அவருக்கு வேறு தொழில் இருக்கிறது. வக்கீலாக இருப்பார், கடை வைத்திருப்பார், காப்பீடு விற்பார். பல தலைமுறைகளாக அந்தச் சபையில் மாடு வளர்ப்பவர்களும் ஒரு கணிசமான கூட்டமாக இருந்திருக்கிறார்கள். சம்பளம் குறைவாக இருப்பது யாரோ கவனிக்காமல் விட்டதால் வந்ததில்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சட்டம் இயற்றுகிறவர் அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது, தன் தொழிலிலிருந்து கொஞ்ச காலம் வந்து, வேலையை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அங்கே பழைய எண்ணம். இதைத்தான் பகுதிநேர சட்டமன்றம் என்கிறார்கள். 'குடிமக்கள் சட்டமன்றம்' என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு.

இதை வெறும் விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் இந்த ஏற்பாட்டுக்குள் வாழ்ந்த ஒருவரின் கதையோடு சேர்த்தே சொல்கிறேன். அவர் பெயர் டால்ஃப் பிரிஸ்கோ. தெற்கு டெக்சஸில் மாடு வளர்த்தவர், எட்டு வருடம் மாநில சட்டமன்றத்தில் இருந்தவர், பிறகு டெக்சஸின் ஆளுநராகவும் ஆனவர்.

முதலில் சில அடிப்படை விஷயங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஓர் அரசியல் சட்டமும் சொந்தமாக ஒரு சட்டமன்றமும் உண்டு. நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் இரண்டு அவைகள். டெக்சஸில் கீழவையில் 150 பேர், இரண்டு வருடப் பதவி. மேலவையான செனட்டில் 31 பேர், நான்கு வருடப் பதவி. அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் ஆளுநரை நினைத்துக்கொள்ளக் கூடாது. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர் அவர், நம் முதலமைச்சர் இருக்கும் இடத்தில் இருப்பவர்.

டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது. ஒற்றைப்படை வருடத்தில், ஜனவரி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை நண்பகலில் தொடங்கும். அதிகபட்சம் 140 நாள். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கான பட்ஜெட்டை அந்த 140 நாளுக்குள் போட்டாக வேண்டும். இடையில் அவசரம் என்றால் ஆளுநர் மட்டும் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். அதுவும் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது, அவர் சொல்லும் விஷயத்தை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சட்டமன்றமும் வருடம் முழுக்கக் கூடுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் எம்.எல்.ஏ.வை நாம் முழுநேர அரசியல்வாதியாகத்தான் பார்க்கிறோம், அவரும் அப்படித்தான் இருக்கிறார். டெக்சஸ் உறுப்பினரோ ஜூன் மாதம் ஊருக்குப் போய்த் தன் தொழிலைப் பார்க்க வேண்டியவர். எல்லா மாநிலங்களும் இப்படி இல்லை. கலிபோர்னியாவில் சட்டமன்றம் முழுநேர வேலை, சம்பளம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். இன்னொரு பக்கம் நியூ ஹாம்ப்ஷயரில் கீழவையில் மட்டும் 400 பேர், ஆளுக்கு வருடச் சம்பளம் 100 டாலர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும் வழக்கத்தை விடாமல் வைத்திருப்பவை இன்று நான்கே மாநிலங்கள்: டெக்சஸ், மொன்டானா, நெவாடா, வடக்கு டகோட்டா.

டெக்சஸ் ஏன் இப்படி இறுக்கிப் பிடித்தது என்பதற்கு 1876க்குப் போக வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின் எட்மண்ட் டேவிஸ் என்ற ஆளுநரின் கையில் அதிகாரமெல்லாம் குவிந்தது. வரியும் ஏறியது. அவருடைய எதிரிகள் ஆட்சியைப் பிடித்ததும், 90 பேர் உட்கார்ந்து புது அரசியல் சட்டம் எழுதினார்கள். அவர்களில் நிறையப் பேர் கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். 'அரசாங்கம் சும்மா இருந்தாலே பாதி நிம்மதி' என்ற மனநிலையில் இருந்தவர்கள். உறுப்பினருக்கு முதல் 60 நாளுக்குத் தினம் 5 டாலர், அதன்பிறகு தினம் 2 டாலர் என்று எழுதி வைத்தார்கள். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பு என்பதைச் சம்பளத்திலேயே சொல்லிவிட்டார்கள். பின்னால் தொகைகள் மாறின, ஆனால் அந்த எண்ணம் மாறவில்லை. பிரிஸ்கோ நுழைந்த காலத்தில் முதல் 120 நாளுக்குத் தினம் 10 டாலர், அப்புறம் 5 டாலர்.

ராஞ்ச் என்பது எது

ராஞ்ச் என்றால் மேய்ச்சல் பண்ணை. நம்மூர் பால்பண்ணை மாதிரி தொழுவத்தில் கட்டிப்போட்டுத் தீவனம் வைப்பது இல்லை. கம்பிவேலி போட்ட பரந்த நிலத்தில் மாடுகளை விட்டுவிடுவார்கள், அவை தாமாக மேய்ந்து, கன்று ஈன்று வளரும். கொங்குப் பக்கம் கிளுவை முள்வேலி போட்ட கொறங்காட்டில் காங்கேயம் மாடுகள் மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அளவுதான் வேறு. மழை குறைந்த நிலம் என்பதால் ஒரு மாட்டுக்கே பல ஏக்கர் வேண்டியிருக்கும். தெற்கு டெக்சஸின் முள்காட்டில் மண்டிக்கிடக்கும் மெஸ்கீட் மரம் நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. அந்தக் காட்டை அழித்துவிட்டு அங்கே ராஞ்ச்காரர்கள் பரப்பிய புல், நம் கொறங்காட்டில் வளரும் அதே கொழுக்கட்டைப் புல். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த ஊர் எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை.

பிரிஸ்கோ பிறந்தது 1923 ஏப்ரல் 23, சான் அன்டோனியோவுக்கு மேற்கே உள்ள யுவால்டியில். ஒரே பிள்ளை. அப்பா டால்ஃப் சீனியர் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கையில் இருந்ததை இழந்து, மறுபடியும் மாடு வாங்கி எழுந்து நின்றவர். அப்பாவுக்குத் தொழில் கூட்டாளியாக இருந்த ராஸ் ஸ்டெர்லிங் அப்போது டெக்சஸ் ஆளுநர். 1932இல் ஒன்பது வயதுப் பையனாக ஆளுநர் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியபோது, டெக்சஸ் தனி நாடாக இருந்த காலத்து அதிபர் சாம் ஹூஸ்டனின் கட்டிலில் படுத்துத் தூங்கியதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அதே யுவால்டியில்தான் ரூஸ்வெல்ட்டின் துணை அதிபராக இருந்த ஜான் நான்ஸ் கார்னரும் வாழ்ந்தார். ஆக, சின்ன ஊர் என்றாலும் அரசியல் வாசம் வீட்டு வாசல் வரை வந்த ஊர்.

டெக்சஸ் தலைநகர் ஆஸ்டினில் பல்கலைக்கழகப் படிப்பு, 1942இல் ஜேனியோடு கல்யாணம், பிறகு உலகப் போரில் சீனா-பர்மா-இந்தியா முனையில் ராணுவ சேவை. திரும்பி வந்து யுவால்டியில் மாடு வளர்க்கத் தொடங்கினார். 1948 தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் மாநிலக் கீழவைக்குத் தேர்வானார். அன்றைய டெக்சஸில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தாலே போதும், பொதுத் தேர்தல் வெறும் சம்பிரதாயம்.

சேற்றில் மாட்டிய வண்டி

1949 ஜனவரியில் அவர் முதல் கூட்டத்தொடருக்குப் போனார். 25 வயது. அந்தத் தொடர் ஜூலை வரை இழுத்தது. அப்போது 140 நாள் வரம்பு வரவில்லை, ஆனால் 120 நாள் தாண்டியதும் தினச் சம்பளம் பாதியாகக் குறைந்துவிடும். அந்தத் தொடரில்தான் அவர் பெயர் நிலைத்துப் போன சட்டம் பிறந்தது.

பிரச்சினை எளிமையானது. பெரிய நெடுஞ்சாலைகள் ஓரளவுக்கு இருந்தன. அந்தச் சாலையிலிருந்து உள்ளே பண்ணைக்குப் போகும் வழிகள் பெரும்பாலும் மண்பாதை. மழை பெய்தால் லாரி அச்சு வரை சேற்றில் இறங்கிவிடும். சந்தை நாளன்று மாட்டை ஏற்றிவிட்டு வழியில் நின்றுபோனால், வரும் விலை போய்விடும். பால் கேனோடு நின்றால் பால் கெட்டுவிடும். பள்ளி பஸ் வரவில்லை என்றால் பிள்ளைகள் வீட்டில். நம் கிராமங்களில் கரிசல் மண்ணில் டிராக்டர் மாட்டிக்கொண்டு நான்கு பேர் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அரசு ஏன் போடவில்லை? கணக்கு ஒத்துவரவில்லை. எரிபொருள் வரியிலிருந்து சாலை போடும்போது, வண்டிகள் அதிகம் ஓடும் சாலைக்குத்தான் முன்னுரிமை. நாளைக்குப் பத்துப் பதினைந்து வண்டி போகும் பாதையில் போட்ட காசு திரும்பாது. பிரிஸ்கோவின் மசோதா அந்தக் கணக்கையே மாற்றியது: காசு திரும்பாத சாலைகளுக்கென்றே வருடம் 1.5 கோடி டாலரை மாநிலத்தின் பொது நிதியிலிருந்து ஒதுக்கு.

மசோதா சட்டமாக இரண்டு அவையிலும் தேற வேண்டும் என்பதால் கீழவைக்காரருக்கு எப்போதும் செனட்டில் ஒரு துணை வேண்டும். பிரிஸ்கோவுக்குக் கிடைத்தவர் நெவீல் கோல்சன், டெக்சஸின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்த முதல் பெண். இருவர் பெயரையும் சேர்த்துத்தான் அது கோல்சன்-பிரிஸ்கோ சட்டம் ஆனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். முதல் தடவை வந்த ஓர் இளைஞர், தன் வீட்டு வாசலில் பார்த்த சேற்றைச் சபைக்குக் கொண்டுபோயிருக்கிறார். பகுதிநேர சட்டமன்றத்துக்காக வாதாடுகிறவர்கள் சொல்வது இதைத்தான்: ஊரில் வேலை பார்க்கிறவனுக்குத்தான் ஊரின் குறை தெரியும்.

இன்று டெக்சஸில் வண்டி ஓட்டிப் போனால், கறுப்புச் சதுரத்துக்குள் வெள்ளையாக டெக்சஸ் வரைபடம் போட்ட சாலைப் பலகைகளைப் பார்க்கலாம். 'பண்ணையிலிருந்து சந்தைக்கு' என்பது இந்தச் சாலைகளின் பெயர், பலகையில் 'பண்ணைச் சாலை' என்று ஆங்கிலத்திலும் கூடவே ஓர் எண்ணும் இருக்கும். மேற்கே போகப் போகப் பண்ணைக்குப் பதில் 'ராஞ்சிலிருந்து சந்தைக்கு' என்று மாறிவிடும். இந்தச் சாலைகளின் மொத்த நீளம் இன்று 40,000 மைலுக்கு மேல், அதாவது 64,000 கிலோமீட்டருக்கும் அதிகம். பிரிஸ்கோவுக்கு முன்பே 1930களில் இவை சின்னதாகத் தொடங்கிவிட்டன. ஆனால் வருடா வருடம் நிச்சயமாகப் பணம் வரும் வழியைத் திறந்தது 1949 சட்டம்.

மாட்டை யார் பார்த்துக்கொள்வது?

சரி, ஐந்து ஆறு மாதம் ஆஸ்டினில் உட்கார்ந்திருந்தால் யுவால்டியில் மாட்டை யார் பார்த்துக்கொண்டது? பகுதிநேர சட்டமன்றத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வியே இதுதான்.

பிரிஸ்கோவுக்கு அப்பா இருந்தார். 1954இல் அப்பா இறந்தார். அதன்பிறகு ராஞ்ச் முழுக்க இவர் தலையில். சபையையும் பண்ணையையும் சேர்த்துக் கொஞ்ச காலம் இழுத்துப் பார்த்துவிட்டு, நான்கு தவணைகளோடு 1957இல் சட்டமன்றத்தை விட்டு ஊருக்குப் போய்விட்டார். தேர்தலில் தோற்று அனுப்பப்பட்டவர் இல்லை, மாடு கூப்பிட்டது, போனார்.

இதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நிலம் வைத்திருந்தவருக்கே அப்பா போனதும் சபை கட்டுப்படியாகவில்லை. அப்படியிருக்க, அதே ராஞ்சில் தினக்கூலிக்குக் குதிரை ஏறி மாடு மடக்கிய ஆள் ஒருவர் ஐந்து மாதம் லீவு போட்டுவிட்டு 10 டாலருக்குச் சட்டம் இயற்றப் போயிருக்க முடியுமா? முடியாது. குறைந்த சம்பளம் தொழில்முறை அரசியல்வாதியைத் தடுக்கிறது என்பது உண்மைதான். கூடவே அது கூலிக்காரரையும் தடுத்துவிடுகிறது. வாத்தியார், நர்ஸ், பண்ணை ஆள், கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மா, இவர்களெல்லாம் எப்படி வருவார்கள்? 'குடிமக்கள்' என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் என்று நினைத்துவிடக் கூடாது. விட்டுவிட்டு வரும்போது தன் வேலையை வேறொருவர் கையில் கொடுக்க முடிகிற குடிமக்கள் என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

பிரிஸ்கோ வெறும் ராஞ்ச்காரராக நின்றவரும் இல்லை. பிற்காலத்தில் டெக்சஸிலேயே தனி ஆளாக அதிக நிலம் வைத்திருந்தவர் அவர் என்று பேர் எடுத்தார். 6 லட்சம் ஏக்கருக்கு மேல். சென்னை மாநகராட்சிப் பரப்பைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். 'பண்ணைக்காரர்' என்று நான் எழுதும்போது உங்கள் மனதில் 'பண்ணையார்' என்ற சொல் வந்தால், நிலத்தின் அளவை வைத்துப் பார்க்கும்போது அது தப்பில்லை.

புழு வைத்த கன்று

சட்டமன்றத்தை விட்டு வந்தபின் அவர் செய்த ஒரு காரியம், சபைக்குள் செய்ததை விடப் பெரியது என்று நான் நினைக்கிறேன். 1960இல் அவர் டெக்சஸ்-தென்மேற்கு மாடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவரானார். 1877இலிருந்து இருக்கும் பழைய சங்கம் அது. அப்போது ராஞ்ச்காரர்களின் முதல் எதிரி ஒரு ஈ.

ஸ்குரூவேர்ம் என்று அதற்குப் பெயர். சாதாரண ஈ அழுகியதில் முட்டையிடும். இது உயிருள்ள சதையில் முட்டையிடும். உண்ணி கடித்த சின்னக் காயம் போதும், கொம்பு சீவிய இடம் போதும், சூடு போட்ட புண் போதும். எல்லாவற்றையும் விட அதற்குப் பிடித்தது, அன்றைக்குப் பிறந்த கன்றின் ஈரம் காயாத தொப்புள். முட்டை பொரிந்ததும் புழுக்கள் தலையை உள்ளே திருகிக்கொண்டு கூட்டமாகச் சதையைத் தின்னத் தொடங்கும். அந்தப் புண்ணின் நாற்றம் இன்னும் ஈக்களைக் கூப்பிடும். கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் கன்று செத்துவிடும். நம்மூரிலும் மாட்டுப் புண்ணில் புழு வைப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் நமக்குத் தொழுவத்தில் நான்கு மாடு. அங்கே ஆயிரக்கணக்கில் முள்காட்டுக்குள் திரியும். தினமும் குதிரையில் போய், ஒவ்வொரு கன்றாகத் தேடிப் பிடித்து, கயிறு வீசிச் சாய்த்து, புழுவை நோண்டி எடுத்து மருந்து தடவ வேண்டும். கோடை முழுக்க இதே வேலை.

இதற்கு விஞ்ஞானிகள் நிப்ளிங், புஷ்லண்ட் இருவரும் கண்டுபிடித்த வழி இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. இந்த ஈயில் பெட்டை பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான் இணையும். அப்படியானால் கோடிக்கணக்கில் ஈக்களை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, விமானத்திலிருந்து காட்டில் விட்டால்? காட்டுப் பெட்டை மலட்டுக் கடுவனோடு இணையும், இடும் முட்டை பொரியாது, தலைமுறைக்குத் தலைமுறை கூட்டம் சுருங்கி ஒருநாள் இல்லாமல் போகும். 1954இல் குராசாவ் தீவில் செய்து பார்த்தார்கள், பலித்தது. 1950களின் கடைசியில் புளோரிடாவிலும் பலித்தது.

டெக்சஸில் அதைச் செய்யப் பணம் வேண்டும். அரசு தானாகத் தரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனை கோடையோ. பிரிஸ்கோ முன்னின்று ஓர் அறக்கட்டளை மூலம் ராஞ்ச்காரர்களிடமே வசூலித்தார், ஒரு மாட்டுக்கு இவ்வளவு, ஓர் ஆட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்குப் போட்டு. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிற மாதிரிதான். பல லட்சம் டாலர் சேர்ந்தது. அதைக் காட்டி மாநிலத்திடமும் ஒன்றிய அரசிடமும் பணம் கேட்டார்கள். 1962இல் எல்லையோர மிஷன் நகருக்குப் பக்கத்தில், பழைய மூர் விமானத்தளத்தில் ஈ வளர்க்கும் தொழிற்சாலை தொடங்கியது. வாரத்துக்குப் பல கோடி மலட்டு ஈக்கள். இடையில் 1972இல் ஒருமுறை கடுமையாகத் திரும்பி வந்து அடித்தாலும், 1982க்குப் பிறகு அமெரிக்காவின் மந்தைகளை விட்டு அது ஒழிந்தேவிட்டது. நிப்ளிங், புஷ்லண்ட் இருவருக்கும் 1992இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பகுதிநேர சட்டமன்றத்தைப் புரிந்துகொள்ள இந்த ஈயின் கதை எதற்கு என்றால், உறுப்பினருக்கும் சங்கத் தலைவருக்கும் இடையே அங்கே சுவர் கிடையாது என்பதைக் காட்டத்தான். நேற்றுச் சபையில் உட்கார்ந்தவர் இன்று வெளியே நின்று சபையிடம் கேட்கிறார். யாரிடம் பேச வேண்டும், எந்தக் குழுவில் மசோதா தூங்கும் என்று அவருக்குத் தெரியும். நல்ல காரியத்துக்கு அது பெரிய பலம். ஆனால் அதே பலம் எல்லாக் காரியத்துக்கும் பயன்படும். மாடு வளர்க்கிறவரே மாட்டுச் சட்டத்துக்கு ஓட்டுப் போடலாமா? டெக்சஸ் அரசியல் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு உண்டு: ஒரு மசோதாவில் தனக்குத் தனிப்பட்ட லாபம் இருந்தால் உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடாமல் இருக்க வேண்டும். ஆனால் தொழிலுக்கே பொதுவாகக் கிடைக்கும் நன்மையை யாரும் தனிப்பட்ட லாபமாக எண்ணுவதில்லை. அந்தக் கோடு எங்கே என்பது எப்போதும் தகராறுதான்.

வெளியே இருந்ததால் கிடைத்த வெற்றி

1968இல் பிரிஸ்கோ ஆளுநர் தேர்தலுக்கான உட்கட்சிப் போட்டியில் நின்று நான்காவதாக வந்தார். அடுத்த நான்கு வருடத்தில் எல்லாம் தலைகீழானது. ஷார்ப்ஸ்டவுன் ஊழல் வெடித்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த ஒரு வங்கி முதலாளி தனக்குச் சாதகமான மசோதாக்களை நிறைவேற்றிக்கொள்ள, தன் வங்கியிலேயே அரசியல்வாதிகளுக்குக் கடன் கொடுத்து, அந்தப் பணத்தில் தன் நிறுவனப் பங்குகளை வாங்கவைத்து லாபம் பார்க்க விட்டதாகக் குற்றச்சாட்டு. கீழவைத் தலைவர் கஸ் மட்ஷர் 1972இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த வருடத் தேர்தலில் பதவியில் இருந்தவர்களை மக்கள் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆளுநர் பிரஸ்டன் ஸ்மித்தும் தோற்றார், துணை ஆளுநர் பென் பார்ன்ஸும் தோற்றார்.

பிரிஸ்கோ 15 வருடமாக எந்த அரசுப் பதவியிலும் இல்லாதவர். கறை படிய வழியில்லை. உட்கட்சி இறுதிச் சுற்றில், சபைக்குள் இருந்தே ஊழலை எதிர்த்துப் போராடிய ஃபிரான்சஸ் ஃபாரன்தோல்ட்டைத் தோற்கடித்தார். பொதுத் தேர்தலில் பாதிக்கும் குறைவான ஓட்டு வாங்கித்தான் ஜெயித்தார், ஏனென்றால் மெக்சிக வம்சாவளி மக்களின் ராசா உனிடா கட்சி தனியாக நின்று ஒரு பங்கைப் பிரித்துவிட்டது.

1973இல் அவர் ஆளுநராக உட்கார்ந்த வருடம் சட்டமன்றத்துக்கு ஒரு சுத்திகரிப்புத் தொடர். அரசுக் கோப்புகளை மக்கள் கேட்டுப் பார்க்கும் உரிமைச் சட்டம் அப்போதுதான் வந்தது. புது மாநில வரி எதுவும் போடாமலே ஆறு வருடம் ஆட்சி நடத்தியதை அவர் தன் பெரிய சாதனையாகச் சொல்வார்.

நம் விஷயத்துக்கு நேராக வரும் சம்பவம் 1975இல் நடந்தது. 1876இன் அரசியல் சட்டம் பழசாகிவிட்டது, மாற்றலாம் என்று 1974இல் உறுப்பினர்களே மாநாடாக உட்கார்ந்து எழுதினார்கள். மூன்று ஓட்டில் தோற்றது. மறுவருடம் அதையே எட்டுத் திருத்தங்களாக மக்கள் முன் வைத்தார்கள். சட்டமன்றம் வருடா வருடம் கூடலாம் என்பதும் அதில் ஒன்று. ஆளுநர் பிரிஸ்கோ, பழைய சட்டமே போதும் என்று எதிர்த்தார். எட்டையும் மக்கள் நிராகரித்தார்கள். ராஞ்ச்காரர் ஒருவர் சபைக்கு வந்து போக இடம்கொடுத்த அந்த ஏற்பாட்டை ஒரு ராஞ்ச்காரரே நின்று காப்பாற்றினார் என்று சொல்லலாம்.

அவர் பார்வை எங்கே எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யுவால்டிக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் சவாலா கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) மெக்சிக வம்சாவளியினர்தான் பெரும்பான்மை. தலைமுறை தலைமுறையாக வயல் கூலி வேலை பார்த்தவர்கள். 1970களில் ராசா உனிடா மூலம் உள்ளூர் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்கள் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்க ஒன்றிய அரசு நிதி கொடுக்க வந்தபோது, அங்கே ஒரு 'குட்டி கியூபா' உருவாகிறது என்று சொல்லி பிரிஸ்கோ கடுமையாக எதிர்த்தார். தன் ஊர்ச் சேற்றை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர், அதே சேற்றில் கூலிக்கு நின்றவர்கள் சொந்தப் பண்ணை கேட்டபோது பயந்தார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கூலிக்காரர்களில் ஒருவர் 1949இல் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார முடிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

பகுதிநேர சபைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. உறுப்பினர் 140 நாளில் ஆயிரக்கணக்கான மசோதாக்களைப் பார்க்க வேண்டும். அதன்பின் ஊருக்குப் போய்விடுவார். தொழிலதிபர்களுக்காகச் சபையில் ஆள் பிடிக்கும் லாபியிஸ்டுகள் ஊருக்குப் போவதில்லை. வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறார்கள், எந்தப் பிரிவில் எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். புதிதாக வந்த உறுப்பினர் விவரம் கேட்க அவர்களிடமே போக வேண்டியிருக்கிறது. முழுநேர சபையிலும் லாபியிஸ்டுகள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க உறுப்பினருக்கு நேரமும் சொந்த ஊழியர்களும் இருப்பார்கள்.

1978இல் பிரிஸ்கோ மூன்றாம் முறை கேட்டார். ஜெயித்திருந்தால் பதவியில் மொத்தம் பத்து வருடம் ஆகியிருக்கும். உட்கட்சித் தேர்தலிலேயே ஜான் ஹில் அவரைத் தோற்கடித்தார். அந்த நவம்பரில் ஹில்லைக் குடியரசுக் கட்சியின் பில் கிளெமென்ட்ஸ் தோற்கடித்தார். நூறு வருடத்துக்கு மேல் டெக்சஸில் அந்தக் கட்சி ஆளுநர் பதவியைப் பார்த்ததே இல்லை. பிரிஸ்கோ யுவால்டிக்குத் திரும்பினார், மாட்டுக்கும் நிலத்துக்கும். 2010 ஜூன் 27இல் 87 வயதில் அங்கேயே இறந்தார்.

அவர் வாழ்நாளில் ஒழித்ததாக நினைத்த ஈ இப்போது மறுபடியும் வடக்கே நகர்ந்து வருகிறது. 2024 நவம்பரில் தெற்கு மெக்சிகோவில் கண்டுபிடித்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்க வேளாண் துறை, மலட்டு ஈக்களை விமானத்தில் ஏற்றிப் பரப்பும் மையத்தை டெக்சஸில் அமைக்கப் போவதாக அறிவித்தது. இடம், அதே மூர் விமானத்தளம். அந்த நோயைக் கையால் தொட்டு மருந்து போட்ட ராஞ்ச்காரர்கள் பெரும்பாலும் முதியவர்களாகிவிட்டார்கள். இன்று மந்தையைப் பார்க்கும் பிள்ளைகள், புழு வைத்த தொப்புளின் வாடை எப்படியிருக்கும் என்பதை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.